சட்டை கழற்றும் சிலந்தி

பாம்பு சட்டை கழற்றும் என்பதை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. வேலியோரத்திலும் வைக்கோற்போரின் அடியிலும் கிடக்கும் அந்த மெல்லிய உரியைக் கண்டு அஞ்சி விலகியவர்களும் உண்டு. ஒரு குச்சியால் எடுத்து வெயிலிற் பிடித்துப் பார்த்து வியந்தவர்களும் உண்டு. சங்கப் புலவராகிய முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையிலே, கரிகாலன் பொருநனுக்கு அளித்த நுண்ணிய ஆடைக்குப் பாம்பின் உரியையே உவமையாகக் கூறினார். நம்மவர் கண்ணுக்கு அத்துணைப் பழக்கமான காட்சி அது.

ஆனால் சிலந்தியும் சட்டை கழற்றும் என்றால் நம்பத் தயங்குவோர் பலர். அது கழற்றும் சட்டையோ பாம்பின் உரியைக் காட்டிலும் வியப்புக்குரியது. பாம்பு உரிப்பது மேற்றோலை மாத்திரமே. சிலந்தி கழற்றும் சட்டையில் எட்டுக் கால்களின் உறைகளும், நச்சுப் பற்களும், கண்களை மூடியிருந்த படலங்களும், உடலினுள்ளே மறைந்திருக்கும் உறிஞ்சும் இரைப்பையின் உட்படலமும் அடங்கும். தரையிற் கிடக்கும் அந்த வெறுங்கூட்டைக் கண்டு, சிலந்திதான் செத்துக் கிடக்கின்றது என்று எண்ணி ஏமாறுவது எளிது.

மேனாடுகளிலே பெருஞ்சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்த்து, அவை சட்டை கழற்றும் நாளுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் மனிதர் பலர் உளர். அவர்கள் அந்தக் காத்திருப்பிலே கற்றுக்கொண்ட சில பாடங்கள், பெட்டியில் ஒரு சிலந்தியும் வளர்க்காத நமக்கும் மிகவும் வேண்டியவை. இவ்வாரம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

களப்பு கற்பிக்கும் பாடம்

முதலில் உச்சமுனைக்குச் சென்று வருவோம். புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டியை அடுத்து, களப்பு நீருக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலம் அது. அங்குள்ள கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை கழற்றுதலைப் பற்றி நாம் புதிதாக ஒன்றும் கூற வேண்டியதில்லை. நண்டைக் கையாண்டவர்கள் அதனை முன்னரே அறிவார்கள்.

வலையிற் சிக்கிய நண்டின் அடிப்புறத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். ஓடு கல்லைப்போல் உறுதியாயிருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கும். அழுத்தும்போது உள்வாங்கினால், அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு; பிளந்து பார்த்தால் சதையைவிட நீரே மிகுதியாயிருக்கும். பழைய ஓட்டிலிருந்து வெளிவந்த நண்டு, நீரை உள்ளே வாங்கித் தன் உடலைப் பருக்கச் செய்து, புதிய ஓடு இறுகுவதற்குள் அதனை விரித்துக்கொள்கின்றது. அவ்வாறு கிடைத்த இடத்தைப் பின்னர் சிறிது சிறிதாகச் சதையால் நிரப்புகின்றது. நிலவுக் காலத்து நண்டிற் சதை இராது என்று நம் பெரியோர் சொல்வதும் இந்த ஓடு கழற்றும் வழக்கத்தைக் கண்டு எழுந்த பேச்சேயாகும்.

இறாலும் அவ்வாறே. புத்தளம் கரையோரத்தில் இறாற் பண்ணை வைத்திருப்போர், குளத்து நீரில் மிதக்கும் மெல்லிய கூடுகளைக் கண்டால் இறால்கள் ஓடு கழற்றிவிட்டன என்று அறிந்துகொள்வர். அந்நேரத்தில் இறாலின் உடல் மென்மையாயிருக்கும். பக்கத்திலுள்ள மற்றோர் இறாலே அதனைத் தின்றுவிடவும் கூடும்.

நண்டு, இறால், சிலந்தி, தேள், வெட்டுக்கிளி, கரப்பான் ஆகிய யாவும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. நமக்கு எலும்புகள் உடலினுள்ளே இருக்கின்றன; சதையோடு அவையும் வளர்கின்றன. இவற்றுக்கோ எலும்பு இல்லை. கைற்றின் என்னும் பொருளும் புரதமும் சேர்ந்த புறவன்கூடே இவற்றின் தோலும் எலும்பும் கவசமும் ஆகும். ஒருமுறை இறுகிவிட்ட அக்கூடு பின்னர் விரிவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தைத்த சட்டையைப் பத்து வயதிலும் அணிவிக்க முடியுமா? பழையதைக் கழற்றிப் புதியதை அணிந்தாலன்றி வளர்ச்சி இல்லை. ஆகவே இவ்வுயிர்கள் நம் பிள்ளைகளைப்போல் நாளுக்கு நாள் வளர்வதில்லை. படிக்கட்டில் ஏறுவதுபோல், ஒரு படியில் நெடுநேரம் நின்று, பின்பு ஒரே எட்டில் அடுத்த படிக்குப் போகின்றன.

பெருஞ்சிலந்தி யார்?

ஆங்கிலத்தில் இப்பெருஞ்சிலந்திகளுக்கு ‘தரந்துலா’ என்று பெயர். இத்தாலி நாட்டின் தரந்தோ என்னும் நகரத்திலிருந்து வந்த பெயர் அது. அந்நகரத்துச் சிலந்தி கடித்தால் இசைக்கேற்ப ஆடினாலன்றி உயிர் பிழைக்க முடியாது என்று முன்னாளில் மக்கள் நம்பினர். உண்மையில் அந்தச் சிலந்தி வேறோர் இனம். அளவிலும் அவ்வளவு பெரியதன்று. பிற்காலத்தில் ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்திலே மயிர் அடர்ந்த மாபெருஞ் சிலந்திகளைக் கண்டபோது, அந்தப் பழைய பெயரை இவற்றுக்குச் சூட்டிவிட்டனர். 1705இல் மரியா சிபில்லா மேரியன் என்னும் அம்மையார் சூரினாம் நாட்டு உயிரினங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், இத்தகைய சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்பதாக ஓவியம் வரைந்திருந்தார். ‘பறவை தின்னும் சிலந்தி’ என்னும் பெயர் பரவியதற்கு அவ்வோவியமும் காரணமாகும்.

நம் நாட்டிலும் இக்குடும்பத்துச் சிலந்திகள் உண்டு. நம்மவர் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்பர். சிங்கள மக்கள் ‘திவி மகுளுவா’ என்கின்றனர். ‘திவி’ என்றால் சிறுத்தை. விஞ்ஞானிகள் இட்ட ‘பொயிசிலோதீரியா’ என்னும் பெயருக்கும் ‘புள்ளியுடைய விலங்கு’ என்பதே பொருள். மூன்று மொழியினரும் கூடிப் பேசியா பெயர் வைத்தார்கள்? கால்களிலும் வயிற்றிலும் உள்ள கோலத்தைக் கண்ட எவருக்கும் அதுவே தோன்றும். இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இயற்கையாக வாழ்வதில்லை என்பதை நம் மாணவர்கள் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். இவ்வினத்துச் சிலந்தி ஒன்றை 1804ஆம் ஆண்டிலேயே லத்ரெயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் விவரித்தார்.

இவை மரத்தில் வாழ்பவை. வலை பின்னிப் பூச்சி பிடிப்பதில்லை. முதிய மரத்தின் பொந்திலோ, உரிந்த பட்டையின் இடுக்கிலோ, பழைய கட்டடத்தின் பிளவிலோ நூலால் உறையமைத்துப் பகல் முழுவதும் அதனுள்ளே பதுங்கியிருக்கும். இருட்டிய பின்னர் வாயிலுக்கு வந்து அசையாமல் நிற்கும்; அருகில் வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும்.

காத்திருத்தல்

பெருஞ்சிலந்தியை வளர்ப்பவர்கள் முதலிற் கற்கும் பாடம் பொறுமை. குஞ்சு கடுகளவினதாக இருக்கும்போது ஓரிரு மாதத்துக்கொருமுறை சட்டை கழற்றும். வளர வளர அந்த இடைவெளி நீளும். முதிர்ந்த சிலந்தி ஆண்டுக்கொருமுறை கழற்றலாம். அதனினும் நீண்ட காலம் எடுத்துக்கொள்ளவும் கூடும். நம் நாட்டுப் புலிமுகச் சிலந்தி விரைந்து வளரும் இனத்தைச் சேர்ந்தது, இரண்டாண்டளவிற் பருவமடைந்துவிடும். மெக்சிகோ நாட்டிலே செம்முழங்கால் சிலந்தி என்றோர் இனம் உண்டு. அதிற் பெண் பருவமடைய ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதும் உண்டு. தொட்டிற் பருவத்துப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதனை வாங்கி வைத்தால், அப்பிள்ளை கல்லூரிக்குப் போகும் காலத்திலும் சிலந்தி பெட்டியிலேயே இருக்கும்.

சட்டை கழற்றும் காலம் நெருங்கும்போது சிலந்தி உணவை வெறுக்கும். நேற்றுவரை பாய்ந்து பிடித்த வெட்டுக்கிளியை இன்று காலால் தள்ளிவிட்டு ஒதுங்கும். வாரங்கள் செல்லும்; சிலவற்றுக்கு மாதங்களும் செல்லும். மேனியின் நிறம் மங்கும். அமெரிக்க இனங்களில் வயிற்றின் மேலே மயிர் உதிர்ந்த இடம் வரவரக் கறுக்கும். பழைய தோலின் அடியிலே புதிய மயிர் முளைத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். சில சிலந்திகள் வளையின் வாயிலை நூலால் அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, நோயுற்று நாளை எண்ணிக்கொண்டிருக்கும் உயிராகவே அது தோன்றும்.

உண்மையில் அந்நாட்களிலேதான் உள்ளே வேலை மும்முரமாக நடக்கின்றது. உடலிற் சுரக்கும் ஓமோன் ஒன்றின் ஆணையால், பழைய கூடு சதையிலிருந்து விடுபடுகின்றது. அதன் அடியிலே புதிய கூடு, மடித்து வைத்த துணியைப்போலச் சுருக்கங்களோடு உருவாகின்றது. இரண்டுக்கும் இடையே ஒரு திரவம் ஊறிப் பழைய கூட்டின் உட்படைகளைக் கரைக்கின்றது. கரைந்த சத்தைச் சிலந்தியின் உடல் வீணாக்குவதில்லை. மீண்டும் உறிஞ்சிப் புதிய கூட்டுக்கே பயன்படுத்திக்கொள்கின்றது. சிக்கனமான இல்லத்தரசியர், பழைய புடவையின் நல்ல பகுதியை வெட்டியெடுத்துப் பிள்ளைக்குப் பாவாடை தைப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

கழற்றும் நேரம்

நாள் வந்தவுடன் சிலந்தி நூலால் ஒரு பாய் விரிக்கின்றது. பெரும்பாலும் மல்லாந்து அதன்மேற் படுத்துக்கொள்கின்றது. புதிதாகச் சிலந்தி வளர்ப்போர் நெஞ்சம் துணுக்குறுவது இந்நேரத்திலேதான். எட்டுக் காலும் மேலே விரிந்திருக்க, அசைவின்றி மல்லாந்து கிடக்கும் உயிரைக் கண்டால், செத்துவிட்டது என்றுதானே எவரும் எண்ணுவர்? அவசரப்பட்டுத் தூக்கியெறிந்தவர்களும் உண்டு. இரக்கங்கொண்டு நிமிர்த்தி வைத்து, அந்த இரக்கத்தினாலேயே அதனைக் கொன்றவர்களும் உண்டு.

செத்த சிலந்தியை அறிய எளிய வழி ஒன்று இருக்கின்றது. அது பெரும்பாலும் மல்லாந்து கிடப்பதில்லை. நின்ற நிலையிலேயே கால்களை உட்புறமாக மடக்கி, மூடிய கைபோற் சுருண்டிருக்கும். காரணம் இதுதான்: சிலந்தியின் காலை மடக்கத் தசைகள் உண்டு, முக்கியமான மூட்டுக்களை நீட்டத் தசைகள் இல்லை. உடலிலுள்ள இரத்தத்தை அழுத்தித் தள்ளியே அது காலை நீட்டுகின்றது. உயிர் போனால் அழுத்தம் போகும். அழுத்தம் போனால் கால்கள் மடங்கிவிடும்.

அந்த இரத்த அழுத்தமே சட்டை கழற்றவும் உதவுகின்றது. சிலந்தி தன் வயிற்றைச் சுருக்கி இரத்தத்தை முன்பகுதிக்குத் தள்ளுகின்றது. அதன் இரத்தம் செந்நிறமானதன்று. நம் இரத்தத்தில் இரும்பு இருக்குமிடத்தில் அதற்குச் செம்பு இருப்பதால் நீலச்சாயல் உடையது. அழுத்தம் மிக மிக, தலைமார்பின் மேலுள்ள கவசம் முன்புறத்திலும் பக்கங்களிலும் பிளந்து, பெட்டியின் மூடியைப்போலத் திறக்கின்றது. அடுத்து வயிற்றின் தோல் கிழிகின்றது. பின்னர் சிலந்தி மூச்சு வாங்கி மூச்சு விடுவதைப்போல விட்டுவிட்டு உந்தி, எட்டுக் கால்களையும் பழைய உறைகளிலிருந்து உருவுகின்றது. இறுக்கமான கையுறையிலிருந்து விரல்களை ஒருங்கே உருவுவதுபோன்ற செயல் அது. குஞ்சுகளுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய சிலந்திகளுக்குப் பல மணி நேரம் ஆகும்.

இந்நேரத்தில் வளர்ப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கால் ஒன்று சிக்கிக்கொண்டதுபோலத் தோன்றினும் இழுத்துவிடக் கூடாது. புதிய தோல் அந்நிலையில் அவ்வளவு மெல்லியது. பெட்டியைத் தட்டக் கூடாது. இடம் மாற்றக் கூடாது. முன்னரே பெட்டியிலுள்ள இரைகளை எடுத்துவிட வேண்டும். வேடன் மெலிந்து கிடக்கும் வேளையில் வெட்டுக்கிளியும் வேடனாகிவிடும். ஒரு சிறு தட்டிலே நீர் வைத்துவிட்டு விலகி நிற்பதே அவர் கடமை.

வெளிவந்த சிலந்தியைக் காண்பது ஒரு தனி இன்பம். மங்கிக் கிடந்த மேனி புதிய வண்ணத்தோடு விளங்கும். நச்சுப் பற்கள் பால்போல் வெண்மையாயிருக்கும். நாட்செல்லச் செல்லச் சிவந்து, பின்பு கறுத்து இறுகும். அதுவரை அந்தப் பற்களால் எதனையும் கடிக்க இயலாது. ஆகவே ஓரிரு வாரம் உணவு கொடுக்காமற் பொறுத்திருக்க வேண்டும். முன்பு ஒரு விபத்திற் கால் ஒன்றை இழந்திருந்தால், அவ்விடத்தில் மெல்லிய சிறு கால் ஒன்று முளைத்திருக்கும். மேலும் இரண்டு மூன்று முறை சட்டை கழற்றியபின் அது மற்றக் கால்களுக்கு நிகராக வளர்ந்துவிடும்.

கழற்றிய கூடும் வீணன்று. ஈரம் உலருமுன் அதனை மெல்ல விரித்து உருப்பெருக்கியால் நோக்கினால், சிலந்தி ஆணா பெண்ணா என்று அறியலாம். பெண்ணின் விந்துப்பையின் உட்படலமும் கூட்டோடு கழன்று வருவதே இதற்குக் காரணம். உயிரைத் தீண்டாமலே அதனைப் பற்றி அறிய இஃதோர் அரிய வழி.

ஆணின் விதி வேறு. பெண்ணின் விதி வேறு. ஆண் பருவமடையும்போது கழற்றுவதே பொதுவாக அதன் கடைசிச் சட்டை. அதன்பின் அது உணவைப் பெரிதாக நாடாமற் பெண்ணைத் தேடி அலைந்து, சில மாதங்களில் அல்லது ஓராண்டளவில் வாழ்வை முடித்துக்கொள்கின்றது. பெண்ணோ பருவமடைந்த பின்னரும் சட்டை கழற்றிக்கொண்டே பல்லாண்டு வாழ்கின்றது.

இவ்வினங்களுக்கு உறவான சிலந்தி ஒன்றின் வரலாறு உலகப் புகழ் பெற்றது. மேற்கு அவுஸ்திரேலியாவிலே, மண்ணில் வளை தோண்டி வாயிலுக்குக் கதவு அமைத்து வாழும் சிலந்திகளை, பார்பரா யோர்க் மெயின் என்னும் அம்மையார் 1974 முதல் எண்ணிட்டுக் கவனித்து வந்தார். அவற்றுள் 16ஆம் எண் இடப்பட்ட பெண் சிலந்தி, ஒரே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்தது. 2016இல் அதன் வளைக்கதவில் ஒட்டுண்ணிக் குளவி ஒன்று துளையிட்டிருந்தது. உள்ளே சிலந்தி இல்லை. ஓர் ஆராய்ச்சியாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு வளையின் வாயிலிற் காத்திருந்து கழித்தார் என்றால், அப்பொறுமையை எப்படிப் புகழ்வது!

ஒரு நொடியில் அழிவது

இனி நம் ஊருக்கு வருவோம். திருவானைக்காவிலே இறைவன்மேல் இலை விழாதபடி பந்தரிட்ட சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வீட்டுச் சுவரிலே கையகலச் சிலந்தியைக் கண்டால் நம் கை நாடுவது விளக்குமாற்றையே.

2009ஆம் ஆண்டில் மாங்குளத்திலே ஊரார் கொன்ற ஓர் ஆண் சிலந்தியின் உடல், ரணில் நாணயக்கார முதலிய ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தது. அதன் கோலம் அவர்கள் அறிந்த எந்தச் சிலந்தியோடும் ஒத்திருக்கவில்லை. அவர்கள் வடபுலத்துக் காடுகளிலே மரம் மரமாகத் தேடி, பெண்ணையும் குஞ்சுகளையும் கண்டுபிடித்தனர். மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அவை இருந்தன. கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். உலகம் அதுவரை அறியாத அந்த இனத்துக்கு, தேடலின்போது துணைநின்ற மைக்கேல் ராஜகுமார் புராஜா என்னும் பொலிஸ் உத்தியோகத்தரின் பெயரால் ‘ராஜேயி’ என்று பெயரிட்டனர். ஓர் இனத்தின் அறிமுகமே ஓர் அடியில் விழுந்த உடலோடு தொடங்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இராமேசுவரத்தில், ‘அனுமவிலாசுமிகா’ என்னும் மற்றொரு புலிமுகச் சிலந்தி இருக்கின்றது. அங்குள்ள அனுமன் கோயில் ஒன்றின் பெயரால் 2004இல் அப்பெயர் பெற்றது. பிற்காலத்தில் மன்னார்ப் பகுதியிலும் அதனைக் கண்டனர். கடல் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் இரு நாடுகளும் ஒரே நிலமாயிருந்தன என்பதற்கு இச்சிற்றுயிரும் ஒரு சாட்சியன்றோ? 2008இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலிற் சேர்த்தது. அது குடியிருக்கும் பழைய மரங்கள் வெட்டப்படுவதே பெருங்காரணம்.

இரண்டாவது ஆபத்து, நாம் முன்பு கூறிய கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து வருகின்றது. அழகிய சிலந்திக்கு மேனாட்டுச் சந்தையில் விலை உண்டு. பெட்டியிலேயே பிறந்த குஞ்சுகளை வாங்கி வளர்ப்போர் பலர். காட்டிலிருந்து களவாகப் பிடித்து அனுப்புவோரும் உளர். மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தியை இவ்வணிகம் பெரிதும் குறைத்தமையால், 1985இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2018இல் அமெரிக்க அரசு இலங்கையின் ஐந்து புலிமுகச் சிலந்தி இனங்களை அழிவை எதிர்நோக்கும் உயிர்கள் என்று அறிவித்தது. 2019இல் ஜெனீவாவிற் கூடிய மாநாடு, புலிமுகச் சிலந்திகளின் முழு இனத்தையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது. இலங்கைச் சட்டமும் அவற்றைக் காக்கின்றது.

சட்டங்கள் எத்தனை இருப்பினும் அடிப்படைக் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெண் புலிமுகச் சிலந்தி ஐம்பது முதல் நூறு வரை முட்டையிடும். குஞ்சுகளிற் பெரும்பாலானவை பல்லிக்கும் பறவைக்கும் இரையாகும். தப்பிய ஒன்று, சட்டைமேற் சட்டையாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் அந்த மென்மையான ஆபத்து நாட்களைக் கடந்து, முழுச் சிலந்தியாக நம் கண்ணிற் படுகின்றது. பத்தாண்டு கடந்த தாயாகவும் அது இருக்கலாம். அத்தனை ஆண்டுகள் சேர்த்ததை விளக்குமாறு ஒரு நொடியிற் செலவழித்துவிடுகின்றது.

கண்டால் என்ன செய்வது?

உச்சமுனையிலோ வேறெங்கோ, தென்னையின் பொந்தில் அல்லது பாழடைந்த சுவரில் இத்தகைய சிலந்தியைக் காணும் மாணவருக்கு நாம் கூறுவது இது: அதனைக் கொல்லவும் வேண்டாம், போத்தலில் அடைக்கவும் வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அதன் கடி மிகுந்த வலியையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கும். உயிரைப் போக்கியதாக மருத்துவ ஏடுகளிற் பதிவில்லை எனினும், கடியுண்டவர் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வீட்டினுள் வந்துவிட்டால், பெரியவர் ஒருவர் அகன்ற பாத்திரத்தால் மூடி, அடியில் ஒரு தடித்த அட்டையைச் செருகி, எடுத்துச் சென்று மரத்தடியில் விட்டுவிடலாம்.

சட்டை கழற்றும் விந்தையைக் காண ஆசைப்படுபவர் பெருஞ்சிலந்தியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரையில் ஒதுங்கும் நண்டுக்கூட்டை எடுத்துப் பாருங்கள். செத்த நண்டாயின் நாறும், கழற்றிய கூடாயின் பின்புறம் பிளந்து உள்ளே வெறுமையாயிருக்கும். சமையலறையில் இடையிடையே தோன்றும் வெள்ளைக் கரப்பான் வேறோர் இனமன்று. சற்றுமுன் சட்டை கழற்றியதே. வீட்டு மூலையில் வாழும் சிறு சிலந்தி ஒன்றை, அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, நாள்தோறும் கவனியுங்கள். எப்போது உண்டது, எப்போது உணவை மறுத்தது, எந்நாளிற் கூடு தொங்கியது என்று ஒரு கொப்பியிலே திகதியிட்டு எழுதுங்கள். முதற் சில வாரம் எழுதுவதற்கு ஒன்றும் இராது. ‘மாற்றமில்லை’ என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு குறிப்பேயாகும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உண்ணாமல், அசையாமல், நிறம் மங்கி ஒடுங்கியிருக்கும் உயிரிலே வளர்ச்சி நடந்துகொண்டிருக்கும் என்பதைச் சிலந்தி காட்டுகின்றது. அவ்வேளையில் அதற்கு வேண்டியவை சிறிது நீரும், நிழலும், தொல்லை செய்யாத மனிதருமே. புலிமுகச் சிலந்திக்கு அந்த நிழலைத் தருபவை ஊரிலுள்ள முதிய மரங்கள். புளியானாலும் ஆலானாலும், பொந்து விழுந்த மரம் என்று வெட்ட முனையும்போது, உள்ளே குடியிருப்பது யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கோடரியை எடுப்போமாக.